தொகை நிறைவது எப்போது?

வெளியூரில் வாழும் நம்மவர் இல்லங்களில் பரண் என்பது வெறும் பரண் அன்று. பழைய வேட்டியில் சுற்றிய கொலுப் பொம்மைகள், பாட்டி கொடுத்த வெண்கலப் பானை, பத்தாண்டுக்கு முந்திய தீபாவளி மலர்கள், ஊருக்குப் போகும்போது எடுத்துச் செல்வோம் என்று வைத்து ஒருமுறையும் எடுத்துச் செல்லாத பெட்டிகள் ஆகிய யாவும் அங்கே ஏறி அமர்ந்திருக்கும். மாற்றல் உத்தரவோ ஓய்வு நாளோ வரும்போதுதான் அவை கீழே இறங்கும். எதை உடன் கொண்டு செல்வது, எதை விட்டுச் செல்வது என்ற வழக்கும் அன்றைக்கே தொடங்கும். எங்கள் இல்லத்தில் நடந்த அத்தகைய வழக்கு ஒன்றை நேயர்கள் முன் வைக்க விரும்புகிறோம். அதில் தோற்றவர்கள் நாங்களே என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறோம்.

2019ஆம் ஆண்டின் தொடக்கத்தில் எங்களில் ஒருவர் பணி ஓய்வு பெற்றார். தென் தில்லியில் 22 ஆண்டுகள் குடியிருந்த அரசாங்கக் குடியிருப்பைக் காலி செய்து, துவாரகாவில் ஒரு சிறு அடுக்கு வீட்டுக்குச் செல்ல வேண்டியிருந்தது. மூன்று அறை இரண்டு அறையாயிற்று. பரண் இல்லவே இல்லை. பழைய பரணிலிருந்து இறங்கியவற்றுள் இரண்டு தகரப் பெட்டிகள் எங்கள் மகனுடையவை. அவன் அப்போது பெங்களூரில் பணியிலிருந்தான். பெட்டியைத் திறந்தால் பூதங்களும் சிறகு முளைத்த நாகங்களும் அட்டையில் சீறும் ஆங்கில நூல்கள். அவற்றின் அடியில் கட்டுக் கட்டாகக் காகிதங்கள். “இவற்றை என்ன செய்வது?” என்று தொலைபேசியில் கேட்டோம்.

“ஒன்றையும் தொடாதீர்கள், அப்பா. தொகை இன்னும் நிறையவில்லை” என்றான்.

“எப்போது நிறையும்?”

மறுமுனையில் சிறிது நேரம் பேச்சில்லை. அந்தக் கேள்விக்கு விடை காண எங்களுக்கும் அவனுக்கும் சேர்ந்து இரண்டு ஆண்டுகள் ஆயின.

அந்நூல்கள் கதை நூல்கள் அல்ல. ஓர் ஆட்டத்தின் விதி நூல்கள். ஆட்டம் என்றதும் சதுரங்கப் பலகை போன்ற ஒன்றை எண்ண வேண்டா. நான்கைந்து பேர் ஒரு மேசையைச் சுற்றி அமர்வர். ஒருவர் கதையை நடத்துபவர். ‘டஞ்சன் மாஸ்டர்’ என்பது அவருக்குப் பெயர். ஏனையோர் ஆளுக்கொரு வேடம் ஏற்பர்: ஒருவன் வாள்வீரன், ஒருத்தி மந்திரக்காரி, மற்றொருவன் பூட்டைத் திறக்கும் கள்ளன். “முன்னே ஒரு கதவு இருக்கிறது, உள்ளே முனகல் கேட்கிறது, என்ன செய்கிறீர்கள்?” என்பார் நடத்துபவர். அவர்கள் செய்வதைச் சொல்வர். அது பலிக்குமா பலிக்காதா என்பதைப் பகடை சொல்லும். வென்றவர், தோற்றவர் என்று எவரும் இல்லை. நம் கூத்தில் வேடம் கட்டுபவருக்குக் கதையின் முடிவு தெரியும். இங்கே ஒருவருக்கும் தெரியாது. இதுதான் வேறுபாடு.

ஒவ்வொரு வேடத்துக்கும் ஒரு தாள் உண்டு. வலிமை எத்தனை, அறிவு எத்தனை, கைத்திறன் எத்தனை என்று மூன்று பகடைகளை உருட்டி, 3 முதல் 18 வரை வரும் எண்ணை அதில் குறிப்பர். பட்ட காயம், கிடைத்த பொன், கற்ற மந்திரம் அனைத்தும் அந்தத் தாளில் ஏறும், அழியும், மீண்டும் ஏறும். சில ஆண்டுகள் ஆடினால் அந்தத் தாள் அழிரப்பர் பட்டுத் துணிபோல் ஆகிவிடும். இந்தத் தாளை நேயர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறோம்.

எங்கள் மகன் இதில் இறங்கியது தரியாகஞ்சு ஞாயிற்றுச் சந்தையின் வழியாகத்தான். இப்போது அச்சந்தை மகளிர் ஹாட்டுக்குள் சென்றுவிட்டது. அந்நாளில் நடைபாதை முழுவதும் பழைய நூல்கள் பரப்பிக் கிடக்கும். 1998இல், பன்னிரண்டு வயதுப் பிள்ளை, பதினைந்து ரூபாய்க்கு ஒரு நூலைப் பிடித்துக்கொண்டு வந்தான். ‘தி வார்லாக் ஆஃப் ஃபயர்டாப் மவுண்டன்’ என்பது அதன் பெயர். ஸ்டீவ் ஜாக்சன், இயன் லிவிங்ஸ்டன் என்ற இரு ஆங்கிலேயர் எழுதியது. 1982இல் பஃபின் பதிப்பாக வெளிவந்தது. தனியே ஒருவன் இரண்டு பகடையும் ஒரு பென்சிலும் கொண்டு ஆடத்தக்க கதை அது. 400 சிறு பகுதிகளாக எண்ணிட்டிருக்கும். “இடப்பக்கம் திரும்பினால் இந்த எண்ணுக்குச் செல்க, வலப்பக்கம் திரும்பினால் அந்த எண்ணுக்குச் செல்க” என்று போகும்.

பழைய நூலாதலால், முன்பு அதை வைத்திருந்த யாரோ ஒரு பிள்ளை தன் எண்களைப் பென்சிலால் அதில் எழுதியிருந்தான். அழித்துவிட்டு ஆடலாமே என்றோம். “வேண்டாம். அவன் எந்த இடத்தில் செத்தான் என்பது இதில் தெரிகிறது” என்று வேறு தாளில் எழுதி ஆடினான். அன்று அதைப் பிள்ளை விளையாட்டாகவே கொண்டோம்.

‘ஃபைட்டிங் ஃபேண்டசி’ என்ற அந்த வரிசையின் முதுகில் எண் அச்சிடப்பட்டிருக்கும். எண் போட்ட நூலைப் போலச் சேர்ப்பவனை மயக்குவது வேறொன்றில்லை. 7 இருந்து, 9 இருந்து, நடுவே 8 இல்லையென்றால் அவனுக்கு உறக்கம் வாராது. பஃபின் வரிசை 1995இல் 59ஆம் நூலோடு நின்றது. எனவே 59 கிடைத்தால் தொகை நிறைந்தது என்று எவரும் நினைப்பர். நாங்களும் நினைத்தோம். ஆனால் 60ஆவதாக ஒரு நூல் அறிவிக்கப்பட்டு, வெளிவராமல் நிறுத்தப்பட்டது. ‘பிளட்போன்ஸ்’ எனும் அந்நூல் 2006இல் வேறொரு பதிப்பகத்தின் வழியாக வந்தது. அது இத்தொகையில் சேருமா, சேராதா? அந்தப் பதிப்பகமோ பழைய நூல்களையும் வேறு வரிசை எண் கொடுத்து அச்சிட்டிருந்தது. 2017இல் மற்றொரு பதிப்பகம் தொடங்கிற்று. 2022இல், முதல் நூலின் நாற்பதாம் ஆண்டையொட்டி, மூல ஆசிரியர் இருவரும் ஆளுக்கொரு புதிய நூல் எழுதினர். இவையன்றி, எண் இல்லாத ‘சோர்சரி’ வரிசை நான்கு. அரக்கர் அகராதி ஒன்று. ‘வார்லாக்’ என்ற இதழ் 13. வேடிக்கை இன்னொன்றும் உண்டு. வரிசையில் மூன்று நூல்களை எழுதிய ஸ்டீவ் ஜாக்சன், முதல் நூலை எழுதியவர் அல்லர். அதே பெயருடைய அமெரிக்கர். ஆசிரியர் வாரியாக அடுக்க முயன்ற எங்களில் ஒருவர், இருவரையும் ஒருவராக்கிப் பட்டியலிட்டு மகனிடம் நகைப்புக்கு ஆளானார்.

இது சிறு குளம். 2001இல் அவன் பெரியப்பா மகன் அமெரிக்காவிலிருந்து மூன்று தடித்த நூல்களைக் கொண்டுவந்து கொடுத்தபோது பிள்ளை கடலில் விழுந்தான்.

‘டஞ்சன்ஸ் அண்டு டிராகன்ஸ்’ என்பதே இவ்வகை ஆட்டங்களுக்கெல்லாம் மூலம். கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் என்ற இரு அமெரிக்கர் அமைத்தது. 1974இல் விஸ்கான்சின் மாநிலத்து லேக் ஜெனீவா என்ற சிற்றூரிலிருந்து, மரப்பலகை நிறத்து அட்டைப் பெட்டியில் மூன்று சிறு நூல்களாக வெளிவந்தது. விலை 10 டாலர். முதலில் அச்சிட்டது 1,000 படிகள். பெட்டியில் அடுக்கும் வேலை கையாலேயே நடந்தது. மூன்றாம் நூலின் முடிவுரையில், ஐயம் வந்தால் நீங்களே தீர்மானித்துக்கொள்ளுங்கள், உங்களுக்காக நாங்கள் ஏன் கற்பனை செய்ய வேண்டும் என்ற பொருள்படச் சொல்லியிருக்கின்றனர். சொன்னவர்களே 1975இல் முதல் பிற்சேர்க்கையையும், அடுத்து இரண்டாவதையும், 1976இல் மேலும் இரண்டையும் வெளியிட்டனர். கற்பனையை வாசகனுக்கு விட்டுக்கொடுத்தவர்கள் அவனுடைய பணப்பையை விட்டுக்கொடுக்கவில்லை!

பிறகு நேர்ந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறோம். 1977 முதல் 1979 வரை விதிகள் விரிவாக்கப்பட்டு மூன்று பெருநூல்களாயின. 1989இல் இரண்டாம் பதிப்பு. 1997இல் நிறுவனம் கைமாறிற்று. 2000இல் மூன்றாம் பதிப்பு. அதைத்தான் எங்கள் மகன் பெற்றான். மூன்றே ஆண்டில், 2003இல், மூன்றரைப் பதிப்பு என்று ஒன்றை விட்டனர். அரையாம்! பாதி ஏறிய பஞ்சப்படியைப்போல. 2008இல் நான்கு, 2014இல் ஐந்து, 2024இல் மீண்டும் திருத்தம். ஒவ்வொரு முறையும் முந்திய நூல் பழையதாகிறது. ஆனால் அதில் ஆட முடியாமற் போவதில்லை. பாடநூல் மாறினால் பழைய பாடநூல் பயன்படாது. இங்கே 1974ஆம் ஆண்டின் விதியைக் கொண்டு இன்றும் ஆடுவோர் உளர். எனவே பதிப்பு மாறியதனால் தொகை குறைபட்டதா என்ற கேள்விக்குப் பதிப்பகத்தாரும் சேர்ப்பவனும் வெவ்வேறு விடை சொல்வர்.

2000இல் நிகழ்ந்த மற்றொன்று இதனினும் பெரிது. அடிப்படை விதிகளை எவர் வேண்டுமானாலும் கட்டணமின்றிப் பயன்படுத்தி நூல் வெளியிடலாம் என்று நிறுவனமே ஒரு பொது உரிமம் வழங்கிற்று. அதன்பின் பற்பல சிறு பதிப்பகங்கள் எழுந்தன. இன்று அச்சிடாமலே, கணிப்பொறிக் கோப்பாகவே விற்கப்படுவனவும் மிகுதி. அனைத்தையும் சேர்ப்பேன் என்று ஒருவன் புறப்பட்டால், அவன் கடலலை ஓய்ந்தபின் நீராட எண்ணியவன் ஆவான்.

எண்ணிக்கையில் அடங்காத ஆசை அச்சு வேறுபாட்டில் போய் ஒட்டிக்கொள்வதும் உண்டு. 1981இல் வெள்ளி இளவரசியின் அரண்மனையைப் பற்றிய கதைநூல் ஒன்று செம்மஞ்சள் அட்டையோடு அச்சாயிற்று. வந்த சூட்டிலேயே நிறுவனம் அதைத் திரும்பப் பெற்று, வேறொருவரைக் கொண்டு திருத்தி எழுதுவித்துப் பச்சை அட்டையில் வெளியிட்டது. தப்பிய சில செம்மஞ்சள் படிகளுக்காக இன்றும் அடிதடி. 1980இல் வந்த ‘டீட்டீஸ் அண்டு டெமிகாட்ஸ்’ என்ற நூலின் முதல் அச்சுகளில் 144 பக்கங்கள் இருந்தன. எழுத்தாளர் இருவரின் கற்பனைத் தெய்வங்களைப் பற்றிய இரு பகுதிகள் நீங்கியதும் 128 ஆயின. முன்னது இருந்தால்தான் தொகை நிறையும் என்பார் உளர். எங்கள் வீட்டிலிருப்பது பின்னது. நம் இந்திரன், அக்கினி, சூரியன் ஆகியோரும் அந்நூலில் இருக்கின்றனர். எத்தனை அடி பட்டால் வீழ்வர் என்ற எண்ணோடு! “இந்திரனுக்குக் கணக்கு எழுதினார்களே, அகலிகையின் கணவரைக் கேட்டார்களா?” என்றார் எங்களில் மற்றவர்.

தமிழில் தொகை என்ற சொல்லுக்கே நாம் நெடுநாளாகப் பழகியவர்கள். எட்டுத்தொகையுள் பதிற்றுப்பத்துக்கு முதற்பத்தும் பத்தாம்பத்தும் கிடைக்கவில்லை. எண்பது பாட்டை வைத்துக்கொண்டு அதற்கு எண்பது என்று எவரும் பெயர் மாற்றவில்லை. எல்லை நூறு என்பது தெரியும், இல்லாதது எதுவென்றும் தெரியும். எங்கள் மகனுடைய தொகைக்கோ எல்லையே வகுக்கப்படவில்லை. எல்லை இல்லாத இடத்தில் குறை என்பதற்கும் பொருளில்லை அல்லவா?

இதைத் தொலைபேசியில் சொன்னபோது அவன் ஒப்புக்கொண்டான். “அப்படியானால் எல்லை வகுத்து அனுப்பு, பட்டியலை நாங்கள் எழுதுகிறோம்” என்றோம். எங்களில் ஒருவர் 35 ஆண்டுகள் கோப்புகளோடு வாழ்ந்தவர். பட்டியல் எழுதுவதில் அவருக்குத் தனி மகிழ்ச்சி. நீண்ட கணக்கேட்டில் கோடு போட்டு, எண், பெயர், ஆண்டு, வாங்கிய இடம், விலை, நிலை என்று ஆறு பத்திகள் வகுத்தார். மகன் இரண்டு எல்லைகளை எழுதி அனுப்பினான். பஃபின் முத்திரையோடு வந்த 59 ஒன்று. மூன்றாம் பதிப்பில் தான் ஆடியதற்கு வேண்டிய நூல்கள் மற்றொன்று. முதலாவதில் 53 இருந்தன. இல்லாத ஆறும் பெரும்பாலும் பிந்திய எண்கள், குறைவாக அச்சானவை, விலை கேட்டால் நெஞ்சு அடைக்கும். இரண்டாவதில் 28 நூல்கள். ஆக 81. நான்காம் பதிப்பும் பிறவும் தொகையில் சேரா, விற்றுவிடலாம் என்றான்.

இத்தனை தெளிவாக எல்லை வகுத்தும் தவறு நேர்ந்தது. பட்டியலின் ‘நிலை’ என்ற பத்திதான் எங்களைக் கெடுத்தது. நன்று, நடுத்தரம், சிதைவு என்று குறித்து வந்தோம். நூல்களின் அடியிலிருந்த காகிதக் கட்டுகள் வந்தபோது, ‘எழுதிப் பயன்படுத்திய தாள்கள், சிதைவு’ என்று ஒரே வரியில் எழுதி முடித்தோம். கட்டத்தாளில் பென்சில் கோடுகள். ஒட்டிய செலோடேப் பழுப்பேறி உதிர்ந்தது. எண்கள் அழிந்தும் திருத்தியும் கிடந்தன. பள்ளி முகப்புச் சீட்டு ஒட்டிய இரண்டு குறிப்பேடுகளும் இருந்தன. திறந்து பார்க்கவில்லை. வாயிலில் கபாடிக்காரர் குரல் கொடுத்தார். பழைய செய்தித்தாள்களோடு அவையும் தராசில் ஏறின. எல்லாம் சேர்த்து 9 கிலோ. கிலோ 12 ரூபாய். 108 ரூபாய் பெற்றுக்கொண்டோம்.

அவை யாவை என்று பின்னர் அறிந்தோம். 2001 முதல் 2004 வரை சனிக்கிழமைதோறும் எங்கள் குடியிருப்பின் பின்னறையில் ஐந்து பிள்ளைகள் ஆடினர். எங்கள் மகன் கதை நடத்துவான். ஒரு வங்காளப் பிள்ளை, ஒரு பஞ்சாபிப் பிள்ளை, ஒரு மலையாளப் பிள்ளை, அடுத்த பிளாக்கில் இருந்த நம் திருநெல்வேலிக் குடும்பத்துப் பெண் ஒருத்தி. இருபது முகப் பகடை அந்நாளில் இங்கே எளிதில் கிடைக்காமையால், எண் எழுதிய சீட்டுகளை எவர்சில்வர் தம்ளரில் குலுக்கி எடுப்பர். ஆட்டம் இந்தியிலும் ஆங்கிலத்திலும் நடக்கும். மற்றவர் அறியக்கூடாத சூழ்ச்சி ஏதேனும் இருந்தால் அந்தப் பெண்ணும் எங்கள் மகனும் தமிழில் பேசிக்கொள்வர். மலையாளப் பிள்ளை பாதியைப் புரிந்துகொண்டு சண்டைக்கு வருவான். பஜ்ஜித் தட்டோடு உள்ளே போனால் ஐவரும் தலைநிமிர மாட்டார்கள். மூன்று ஆண்டுக் கதை முழுவதும் அந்தத் தாள்களில் இருந்தது. எந்த நிலவறையில் எந்தக் கதவு, யார் யாரைக் காத்தார், எவன் தன் பங்குப் பொன்னை விட்டுக்கொடுத்தான் என்பதெல்லாம் அந்தக் கிறுக்கலில் இருந்தது. குறிப்பேடுகள் இரண்டும் அந்தப் பெண் வாரந்தோறும் எழுதிய நடப்புக் குறிப்பு. பிறர் படிக்கலாகாது என்பதற்காக அவள் அதைத் தமிழில் எழுதியிருந்தாள். ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்பில் கற்ற எழுத்து. தமிழ் வளர்க்க வேண்டும் என்று இந்த இதழில் ஆண்டுதோறும் எழுதும் நாங்கள், தில்லியில் பிறந்த ஒரு பெண் யாரும் கட்டாயப்படுத்தாமல் தானே எழுதிய இரண்டு தமிழ் ஏடுகளைப் பிரித்தும் பாராமல் எடைக்குப் போட்டோம்.

மகன் அந்தக் கோடையில் வந்தான். பட்டியலைப் பார்த்தான், அந்த ஒரு வரியில் விரலை வைத்தான். “இவை எங்கே?” என்றான். சொன்னோம். அவன் கோபித்திருந்தால் எங்களுக்கு ஆறுதலாயிருக்கும். எழுந்து பால்கனிக்குப் போய் நின்றுகொண்டான். அன்று இரவு உண்ணும்போதுதான் பேசினான்: “அப்பா, அந்த 81 நூல்களும் தீயில் போனாலும் பணம் கொடுத்தால் திரும்ப வாங்கலாம்.” அதற்கு மேல் சொல்லவில்லை, சொல்ல வேண்டியதும் இல்லை.

சில நாள் கழித்துக் கணிப்பொறியில் ஒன்றைக் காட்டினான். 1974ஆம் ஆண்டின் அந்த முதற் பெட்டி நூல்கள் இப்போது கோப்பாக விலைக்குக் கிடைக்கின்றன. அதன் முதல் நூலில், ஆடுவதற்கு வேண்டுவன என்று ஒரு பட்டியல் இருக்கிறது. பகடைகள், வேறிரண்டு ஆட்டங்கள், கட்டத்தாள், கோடிட்ட தாள், தாள்களைக் காக்கும் உறை, வண்ணப் பென்சில், குறிப்பேடு என்று போகிறது. கற்பனை, பொறுமையுள்ள நடுவர் ஒருவர், ஆடுவோர் என்று முடிகிறது. வெறுந்தாளையும் அதில் எழுதப் போகும் மனிதரையும் அமைத்தவர்களே முதல் நாளிலேயே கணக்கில் சேர்த்திருக்கிறார்கள். தாளைக் காக்கும் உறை மிகத் தடித்ததாக இருக்கட்டும் என்றும் குறித்திருக்கிறார்கள். நாங்களோ அட்டை கசங்காத நூலுக்கு ‘நன்று’ போட்டோம். ஐம்பது முறை கைபட்ட தாளுக்குச் ‘சிதைவு’ போட்டோம். நூலகத்துக்கு அந்த அளவுகோல் சரியாக இருக்கலாம். ஆட்டத் தொகைக்கு அது தலைகீழ்.

2020ஆம் ஆண்டு ஊரடங்கில் ஐவரும் கணிப்பொறித் திரையில் ஒன்றுகூடினர். இப்போது ஒருவர் மருத்துவர், ஒருவர் வழக்கறிஞர், ஒருவர் கப்பல் துறையில். போன தாள்களை நினைவிலிருந்து எழுதுவது என்று முடிவாயிற்று. எங்களுக்கு ஒரு மூலையில் இடம் கொடுத்தார்கள். பஞ்சாபிப் பிள்ளையின் வாள்வீரனுக்கு வலிமை 17 என்று அவன் சாதித்தான். 15 என்று மற்ற நால்வரும் மறுத்தனர். அரைமணி நேரம் வழக்கு நடந்து 16 என்று தீர்ந்தது. மலையாளப் பிள்ளையின் வீட்டில், பழைய இயற்பியல் நூலுக்குள் ஒரு நிலவறை வரைபடம் கிடைத்தது. கட்டத்தாள் இரண்டை ஒட்டி வரைந்ததில் ஒரு தாள் மட்டும். மறு தாள் இல்லை. திருநெல்வேலிப் பெண் முதலில் எழுத மறுத்தாள். அவளிடம் நாங்கள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டோம். “போனது போகட்டும் மாமி, எனக்கே பாதி மறந்துபோச்சு” என்று சிரித்தாள். இரண்டு திங்கள் கழித்து அஞ்சலில் ஒரு உறை வந்தது. பதினோரு பக்கம், கையெழுத்தில். றகரமும் ரகரமும் சில இடத்தில் மாறியிருந்தன. திருத்தவில்லை.

தொகை நிறைந்ததா என்ற பழைய கேள்விக்கு 2021 பொங்கலன்று மகன் விடை சொன்னான். ஐவரும் ஆடியபோது மேசைமேல் இருந்தவை எவையோ அவையே தொகை. மற்றவை நூல்கள் என்றான். அதன்படி 28 நூல்களுள் 17 விற்பனைக்குச் சென்றன. ஆட்டத்தில் ஒருநாளும் திறக்காதவை. பஃபின் வரிசையில் இல்லாத ஆறையும் இனித் தேடுவதில்லை என்றான். முதல் நூலை, யாரோ ஒரு பிள்ளையின் பென்சில் எண்களோடு, தனியே எடுத்து வைத்தான்.

இதில் எங்களுக்குள் இன்னும் ஒருமை ஏற்படவில்லை. எங்களில் ஒருவர் மகன் கட்சி. மற்றவர், “தசாவதாரத்தில் நான்கு பொம்மையை வைத்துவிட்டுக் கொலு நிறைந்தது என்பீர்களா? எண் போட்டது எண்ணுக்காகத்தானே? அந்த ஆறையும் வாங்கிவிட வேண்டும்” என்கிறார். எண்ணிட்ட வரிசைக்கு அவர் சொல்வதில் நியாயம் உண்டு. ஆண்டுக்கொரு பொம்மை புதிதாகச் சேர்க்கும் கொலுவுக்கு நிறைவு ஏது என்று கேட்டுப் பார்த்தோம். அது வேறு, இது வேறு என்று சொல்லிவிட்டார்.

இந்த இதழைப் படிக்கும் இல்லங்களில் பணி ஓய்வை எதிர்நோக்கியிருப்போர் பலர். பிள்ளைகளின் பெட்டி ஒன்றேனும் ஒவ்வொரு பரணிலும் இருக்கும்; ஆட்ட நூல்களாக இல்லாவிட்டால் அஞ்சல் தலைகளாகவோ கிரிக்கெட் அட்டைகளாகவோ இருக்கும். அவர்களுக்கு எங்கள் அனுபவத்திலிருந்து ஒன்று சொல்லலாம். கபாடிக்காரரை அழைப்பதற்கு முன், பிள்ளையைத் தொலைபேசியில் அழைத்து, அச்சிட்டவற்றைப் பற்றி அன்று, எழுதியவற்றைப் பற்றிக் கேளுங்கள். குறிப்பேடு என்றால் முகப்புச் சீட்டைப் பார்த்து நிறுத்தாமல் உள்ளே ஒரு பக்கமேனும் படியுங்கள்.

துவாரகா வீட்டில் நான்கடி அகலப் பலகை ஒன்றில் தொகை இப்போது இருக்கிறது. பட்டியலையும் புதிதாக எழுதினோம். ‘நிலை’ என்ற பத்தி அதில் இல்லை. அரை வரைபடம் தடித்த உறையில் இருக்கிறது. மூன்றாம் பதிப்பின் அடிப்படை நூல்கள் மூன்றையும் சங்கத்துப் பிள்ளைகள் ஆடுவதற்கு மகன் எங்களிடம் விட்டுச் சென்றிருக்கிறான். இருபது முகப் பகடையும் வாங்கித் தந்திருக்கிறான். திங்கள்தோறும் இரண்டாம் சனிக்கிழமை மாலை நான்கு மணிக்கு எங்கள் இல்லத்தில் ஆட்டம். பன்னிரண்டு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகள் வரலாம். பென்சில் கொண்டுவர வேண்டும். பஜ்ஜியும் தேநீரும் நாங்கள் தருவோம். ஆடி முடிந்ததும் எழுதிய தாள்களை எங்களிடமே கொடுத்துச் செல்க. பெயர் எழுதிக் கோப்பில் வைத்திருப்போம்.